மலைக்கோட்டை அடிவாரத்தில் மாடி எடுக்கலாமா?

திண்டுக்கல்லுக்கு ரயிலில் வந்தாலும் சரி, பஸ்ஸில் வந்தாலும் சரி, முதலில் கண்ணில் படுவது அந்தக் கல்தான். சமவெளியில் தலைக்கு வைத்துக்கொள்ளப் போட்ட திண்டு மாதிரி ஒரு மொட்டைப் பாறை. திண்டு போன்ற கல் என்பதால் திண்டுக்கல் என்று ஊரில் பெயர்க்காரணம் சொல்வார்கள். பாறையின் விளிம்பை ஒட்டிக் கோட்டைச் சுவர் ஓடுகிறது. கீழே அடிவாரத்திலேயே தெருக்களும் வீடுகளும் ஆரம்பித்துவிடுகின்றன.

அந்த அடிவாரத்தில் ஒரு வீடு இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். பாதி ஓட்டுக்கூரை, பாதி மட்டப்பா. அகலமான பழைய சுவர். பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்த அப்பா வாங்கிப் போட்டது. அப்பா இப்போது இல்லை. அம்மா, மில்லுக்குப் போகும் மகன், கல்லூரியில் படிக்கும் மகள். மகனுக்குத் தை மாதம் கல்யாணம். வீட்டில் இருப்பதோ ஒரு பெரிய கூடம், ஒரு அறை, ஒரு சமையல்கட்டு.

"மாடியில ஒரு ரூம் எடுத்துருவோம்ப்பா. வர்ற பொண்ணுக்கு ஒரு மறைப்பு வேணாமா?" என்கிறார் அம்மா.

கொத்தனார் வந்து சுவரைத் தட்டிப் பார்க்கிறார். "நல்லா நிக்குதுக்கா. மேல ஒரு ரூம் தாராளமாத் தாங்கும். ஒன்றரை மாசத்துல முடிச்சுக் குடுத்துர்றேன்."

செங்கல்லுக்கு முன்பணம் கொடுக்கக் கிளம்பும்போது எதிர்வீட்டுப் பெரியவர் கேட்கிறார்: "ஏம்ப்பா, தொல்லியல் ஆபீஸ்ல கேட்டியா? கோட்டைக்குப் பக்கத்துல மாடி எடுக்க விடமாட்டாங்களே!"

இந்த வீடு கற்பனை. ஆனால், இந்தப் பேச்சு தஞ்சைப் பெரிய கோயிலின் பக்கத்துத் தெருவிலும், செஞ்சிக் கோட்டையின் கீழேயும், மாமல்லபுரத்திலும் கேட்கக்கூடியதுதான். பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் பக்கத்தில் வீடு வைத்திருப்பவருக்கு ஒரு செங்கல்லை எடுத்து வைப்பதற்கு முன் தெரிய வேண்டியது சில இருக்கிறது. தெரியாமல் போனால் நஷ்டம் வீட்டுக்கும்தான், கோட்டைக்கும்தான்.

பாறைமேல் இருப்பது என்ன?

1605-ல் மதுரையை ஆண்ட முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில் இந்தக் கோட்டையின் வேலை தொடங்கியது என்பார்கள். திருமலை நாயக்கர் அதைப் பலப்படுத்தினார். மதுரைக்கும் கொங்குநாட்டுக்கும் நடுவே, மேற்கே கொடைக்கானல் மலையும் கிழக்கே சிறுமலையும் பார்த்து நிற்கும் பாறை. இங்கே காவல் வைத்தவன் கையில் சமவெளியின் வழிகள் எல்லாம் இருந்தன. அதனால்தான் ஆளுக்கு ஆள் இதற்காக அடித்துக்கொண்டார்கள்.

1755-ல் மைசூர் அரசு ஹைதர் அலியைத் திண்டுக்கல்லுக்குப் படைத்தலைவராக அனுப்பியது. பின்னாளில் மைசூரையே ஆண்ட ஹைதர், படையைப் பெருக்கி வளர்ந்தது இந்த ஊரில் இருந்தபோதுதான். 1772-ல் காளையார்கோவில் போரில் கணவரை இழந்த சிவகங்கை ராணி வேலு நாச்சியார் அடைக்கலம் தேடி வந்ததும் திண்டுக்கல் சீமைக்குத்தான். 1790-ல் கோட்டையை ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1792-ல் திப்பு சுல்தானுடன் செய்துகொண்ட உடன்படிக்கையில் திண்டுக்கல் சீமை முழுக்க அவர்கள் கைக்குப் போனது. நாயக்கர் மதில், மைசூர்க்காரர்களும் ஆங்கிலேயரும் பயன்படுத்திய அறைகள், உச்சியில் சிலையில்லாத கோயில் என்று மூன்று ஆட்சிகளின் அடையாளமும் இன்று ஒரே பாறையில் இருக்கிறது.

இப்போது இது மத்திய அரசின் இந்தியத் தொல்லியல் துறை பராமரிக்கும் பாதுகாக்கப்பட்ட சின்னம். இந்தியா முழுக்க இப்படிப்பட்ட சின்னங்கள் 3,600-க்கும் மேல். தமிழ்நாட்டில் மட்டும் 400-க்கும் மேல். ஒரு சின்னம் இந்தப் பட்டியலில் ஏறிவிட்டால், அதைச் சுற்றியுள்ள நிலத்துக்கும் சட்டம் வந்துவிடுகிறது. அடிவாரத்து வீட்டின் சங்கதி இங்கேதான் ஆரம்பம்.

100 மீட்டர், அதற்கப்பால் 200 மீட்டர்

பழைமையான நினைவுச்சின்னங்களுக்கான மத்தியச் சட்டம் 1958-ல் வந்தது. 1992 ஜூன் 16-ம் தேதி ஓர் அறிவிப்பு வெளியானது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கப்பால் 200 மீட்டர் வரை முறைப்படுத்தப்பட்ட பகுதி. ஆக, மொத்தம் 300 மீட்டர். 2010-ல் சட்டத்தைத் திருத்தி இதை இன்னும் இறுக்கினார்கள். தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையம் என்று தனி அமைப்பும் வந்தது.

100 மீட்டருக்குள் புதிதாக எதையும் கட்ட முடியாது. பணக்காரர், ஏழை, அரசு அலுவலகம் என்ற வித்தியாசம் கிடையாது. 100-க்கும் 300-க்கும் இடைப்பட்ட இடத்தில் கட்டலாம். ஆனால், முன்அனுமதி வேண்டும். உயரம், தோற்றம் எல்லாம் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

இதில் பலர் ஏமாறும் இடம் இரண்டு.

ஒன்று, அளவு எங்கிருந்து தொடங்குகிறது என்பது. கண்ணுக்குத் தெரியும் மதிலிலிருந்து டேப் பிடித்து அளப்பதில் பயனில்லை. பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட நிலத்தின் எல்லையிலிருந்துதான் கணக்கு. திண்டுக்கல் போன்ற மலைக்கோட்டையில் மதில் பாறையின் மேலே இருக்கும். பாதுகாக்கப்பட்ட நிலம் எதுவரை இறங்கி வருகிறது என்பதை ஆவணத்தையும் வரைபடத்தையும் வைத்துத்தான் உறுதி செய்ய முடியும். 'கோட்டை மேலே இருக்கு, நாம கீழே இருக்கோம்' என்ற கணக்கு செல்லாது.

இரண்டாவது, மாநகராட்சி கொடுக்கும் கட்டட அனுமதி. அது வேறு, இது வேறு. வரைபடத்தில் முத்திரை வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துக் கட்டியவர்களுக்குத் தொல்லியல் துறையிலிருந்து நோட்டீஸ் வரலாம். பட்டா சுத்தமாக இருக்கலாம், வீட்டு வரி ஒழுங்காகக் கட்டியிருக்கலாம். இந்தச் சட்டத்தின் முன் அவை நிலம் யாருடையது என்பதற்கான சாட்சி. என்ன கட்டலாம் என்பதற்கான அனுமதி ஆகாது.

அனுமதி இல்லாமல் கட்டினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கட்டியதை அகற்றவும் உத்தரவு வரலாம். நகையை அடகு வைத்து எழுப்பிய சுவர் என்று சொல்லி அதிலிருந்து தப்பிக்க முடியாது.

மாடி வேறு, மராமத்து வேறு

எதிர்வீட்டுப் பெரியவர் சொன்னது பாதி சரி. 100 மீட்டருக்குள் மாடி எடுக்க முடியாது. மேலே உயர்த்துவதையும் பக்கவாட்டில் நீட்டுவதையும் சட்டம் 'கட்டுமானம்' என்றே கணக்கில் எடுக்கிறது. ஆனால், அந்தப் பகுதியில் எதையுமே தொடக்கூடாது என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறதே, அது தவறு.

1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த வீட்டைப் பழுது பார்க்கலாம், புதுப்பிக்கலாம். அதற்கு மனு போட்டு அனுமதி வாங்க வேண்டும், அவ்வளவுதான். சட்டத்தின் விளக்கத்தில் பழுது பார்ப்பது, புதுப்பிப்பது என்றால், ஏற்கெனவே இருக்கும் கட்டடத்துக்குள் செய்யும் மாறுதல். ஒழுகும் கூரை, உளுத்துப்போன உத்திரம், விரிசல் விட்ட சுவர், உள்ளே ஒரு தடுப்பு ஆகியவற்றுக்கெல்லாம் மனு போட இடமிருக்கிறது. முழுக்க இடித்துவிட்டு அதே அளவில் திரும்பக் கட்டுவதை 'மறுகட்டுமானம்' என்று தனியாகப் பிரிக்கிறார்கள். 100 மீட்டருக்குள் அதற்கு வழியில்லை. அதைத் தாண்டிய 200 மீட்டரில் மறுகட்டுமானத்துக்கும் புதுக் கட்டுமானத்துக்கும் மனு போடலாம்.

பொதுமக்களுக்கான சாக்கடை, குடிநீர்க் குழாய், பொதுக் கழிப்பறை, மின்விநியோகம் போன்றவற்றைக் கட்டுமானம் என்ற விளக்கத்திலிருந்து சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. தெருவில் சாக்கடை சரியில்லை என்று கேட்டால் 'கோட்டை இருக்கிறது, அதனால் முடியாது' என்று யாராவது கைவிரித்தால், அந்தப் பதிலோடு திரும்பிவிட வேண்டியதில்லை.

மனுவுக்குக் காலக்கெடுவும் உண்டு. தகுதிபெற்ற அதிகாரியிடம் மனு போய்ச் சேர்ந்ததும் 15 நாளுக்குள் அது ஆணையத்துக்குப் போக வேண்டும். ஆணையம் 2 மாதத்துக்குள் பரிந்துரை சொல்ல வேண்டும். அது வந்த 1 மாதத்துக்குள் அதிகாரி முடிவைத் தெரிவிக்க வேண்டும். கூட்டிப் பார்த்தால் மூன்றரை மாதம். இணையம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். 1992-க்கு முன்பே வீடு இருந்தது என்பதைக் காட்ட பழைய பத்திரம், வீட்டு வரி ரசீது, மின் இணைப்புத் தாள் போன்றவை கைகொடுக்கும். பீரோவுக்கு அடியில் மஞ்சள் பையில் கிடக்கும் பழைய காகிதங்களைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது என்பது இதனால்தான்.

எதற்கு இத்தனை கெடுபிடி?

நியாயமான கேள்வி. ஒரு பாறைக்காக ஒரு கல்யாண வீடு ஏன் நெருக்கடியில் இருக்க வேண்டும்?

பதிலுக்குச் சென்னைவரை போய் வரலாம். சென்ட்ரல் ரயில் நிலையத்தின் பக்கத்தில் 1900-ல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட் இருந்தது. பழைய புத்தகம் முதல் பறவைக் கூண்டு வரை விற்ற சிவப்புக் கட்டடம். 1985-ல் தீப்பிடித்துப் போனது. அந்த இடத்தில் இன்று புறநகர் ரயில்களுக்கான கட்டடம் நிற்கிறது. அங்கே கைப்பிடித்துக் கூட்டிப்போய்ப் பேரனிடம் 'இதுதாண்டா மூர் மார்க்கெட்' என்று காட்ட தாத்தாவுக்கு ஒன்றும் மிச்சமில்லை.

அண்ணா சாலையில் பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடம். 1897-ல் எழும்பிய, கோபுரங்களும் வளைவுகளுமான மாளிகை. 2006-ல் அதை இடிக்கத் தொடங்கினார்கள். இன்டாக் அமைப்பு நீதிமன்றத்துக்குப் போனது. 2010-ல் சென்னை உயர்நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. கட்டடம் பிழைத்தது. ஆனால், யாரும் புழங்காமல் பல ஆண்டுகள் பாழடைந்தேதான் நின்றது. இடிக்காதே என்று சொல்வதோடு வேலை முடிந்துவிடாது என்பதற்கு அந்தக் கட்டடமே சாட்சி.

அமெரிக்காவிலும் இதே கதைதான். நியூயார்க்கின் பிரம்மாண்டமான பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963-ல் இடிக்கத் தொடங்கினார்கள். ஊரே வருத்தப்பட்டது. அந்த வருத்தத்தின் சூட்டில் 1965-ல் அந்த நகரம் பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கச் சட்டம் போட்டது. பெரும்பாலான ஊர்களில் ஒன்று போன பிறகுதான் அடுத்ததைக் காப்பாற்றும் புத்தி வருகிறது.

மலைக்கோட்டையை யாரும் இடிக்கப்போவதில்லை. அதற்கு வரும் ஆபத்து வேறு மாதிரி. ஒரு வீடு ஒரு மாடி எடுக்கும். அதைப் பார்த்துப் பக்கத்து வீடு இரண்டு எடுக்கும். அதற்கடுத்தது லாட்ஜ் ஆகும். அதன் மேல் ஒரு விளம்பரப் பலகை நிற்கும். இருபது ஆண்டில் அடிவாரத்தைச் சுற்றி ஒரு புது மதில் எழும்பிவிடும். மழைத் தண்ணீர் பாறையிலிருந்து வழிந்து இறங்கிய பாதைகள் அடைபடும். கோட்டை அப்படியே இருக்கும், ஊரிலிருந்து பார்த்தால் தெரியாது. தூரத்திலிருந்து பார்க்கத்தானே ஊருக்கே அந்தப் பெயர் வந்தது?

விதி ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம்

கோட்டையைப் பார்த்துப் பெருமைப்படுவது மொத்தத் திண்டுக்கல்லும். அதற்கு விலை கொடுப்பது அடிவாரத்தில் இருக்கும் சில தெருக்கள். ஊரின் மற்ற பக்கங்களில் அவரவர் வசதிக்கு மாடிமேல் மாடி எழுப்புகிறார்கள். இங்கே இருப்பவர் சமையலறைக் கூரைக்கு மனு எழுத வேண்டும். மாடி எடுக்க முடியாத மனையை வாங்க வருபவர் விலையைக் குறைத்துத்தான் கேட்பார். அடிவாரத்து அம்மா வேண்டும் என்று அங்கே வந்து உட்காரவில்லை. சட்டம் வருவதற்கு முன்பே அந்த வீடு அங்கே இருந்தது.

இன்னொன்று. தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் 100 மீட்டர்தான், வயல்வெளியில் தனியாக நிற்கும் ஒரு சின்னக் கல்லுக்கும் 100 மீட்டர்தான். நெருக்கமான நகரத்தின் நடுவே ஒரு மலைக்கோட்டைக்கும் அதே அளவு. ஒரே செருப்பை எல்லோர் காலுக்கும் மாட்டினால் சிலருக்குக் கடிக்கத்தான் செய்யும். இது சட்டம் எழுதியவர்களுக்கும் தெரியும். அதனால்தான் ஒவ்வொரு சின்னத்துக்கும் அதன் சூழலைப் பார்த்துத் தனித்தனி துணைவிதிகள் எழுத வேண்டும் என்று 2010 திருத்தத்திலேயே வைத்தார்கள். எந்தத் திசையில் எவ்வளவு உயரம், முகப்பு எப்படி, என்ன நிறம் என்று அந்தத் துணைவிதி சொன்னால், மனு போடுகிறவருக்கும் அதைப் பரிசீலிப்பவருக்கும் குழப்பம் குறையும்.

அரசாங்கத்துக்கே இந்த விதி கடித்திருக்கிறது. 100 மீட்டருக்குள் பொதுப்பணிகளைச் செய்ய வழிவிடும் திருத்த மசோதா ஒன்றை 2018 ஜனவரியில் மக்களவை நிறைவேற்றியது. மாநிலங்களவையில் அதைத் தேர்வுக் குழுவின் பரிசீலனைக்கு அனுப்பினார்கள். மேம்பாலத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் விதியைத் தளர்த்தலாமா என்று டெல்லியில் பேசும்போது, ஒழுகும் ஓட்டுக்கூரைக்காரரின் மனுவைச் சீக்கிரம் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பேசியிருக்க வேண்டும்.

விதியே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. 'கூடாது' என்பதைப் பலகை வைத்துச் சொல்லும் இடத்தில், 'இதைச் செய்யலாம், இப்படிச் செய்யலாம்' என்பதையும் சொல்ல ஆள் வேண்டும். பல இடங்களில் பலகை மட்டும்தான் இருக்கிறது. அந்தப் பலகையைப் பார்த்துப் பயந்தவர் வீட்டை விழவிடுகிறார். பயப்படாதவர் ராத்திரியோடு ராத்திரியாகக் கான்கிரீட் போடுகிறார். பழைய தெருவுக்கு இரண்டினாலும் கேடுதான்.

ஆள் இருந்து சொன்ன இடங்கள்

புதுச்சேரியின் தமிழர் பகுதியில் வைசியாள் வீதி என்று ஒரு தெரு. தெருவைப் பார்த்த திண்ணை, அதற்கு முன்னால் மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம் என்று வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்க இடம் விட்ட வீடுகள். பல வீடுகளில் அவையெல்லாம் சிதைந்துபோயிருந்தன. 2002 முதல் 2004 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு ஒரு திட்டம் நடந்தது. இன்டாக் அமைப்பு முன்னின்று, தெருவின் வீட்டு முகப்புகளைப் பழைய லட்சணத்துக்குக் கொண்டுவந்தது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டு 'உன் செலவில் செய்' என்று சொல்லவில்லை. ஒரு பங்கு செலவைத் திட்டம் ஏற்றுக்கொண்டது, மறுபங்கு வீட்டுக்காரருடையது. 2008-ல் அந்தத் தெருவுக்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. அந்த வீடுகளில் குடும்பங்கள் வழக்கம்போல் கோலம் போட்டுக் குடியிருந்தன.

அதே புதுச்சேரியில், கடற்கரையில் இருந்த 19-ம் நூற்றாண்டு மேரி கட்டடம் பராமரிப்பில்லாமல் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி 2021-ல் திறந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனாலும், காலத்தில் ஓட்டையை அடைத்திருந்தால் ஆகியிருக்கும் செலவு எவ்வளவு, முழுக்கக் கட்டிய செலவு எவ்வளவு என்பதை வீட்டுக் கணக்கு எழுதும் யாரும் புரிந்துகொள்வார்கள்.

தமிழர்கள் அதிகம் புழங்கும் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவையும் பார்க்கலாம். 1989 ஜூலையில் அந்தப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவித்தார்கள். முகப்பு, கூரை, கடைக்கு முன்னால் நடந்துபோகும் ஐந்தடிப் பாதை என்று எதைத் தொடக்கூடாது என்பதற்கு எழுத்தில் தெளிவான விதி. அதற்குள் மளிகைக்கடை சாப்பாட்டுக்கடை ஆகலாம், சாப்பாட்டுக்கடை நகைக்கடை ஆகலாம். எது அசையக்கூடாது என்பது முன்கூட்டியே தெரிந்துவிட்டால், மீதியை வீட்டுக்காரர் தைரியமாகச் செய்துகொள்வார்.

நியூயார்க்கில் பாதுகாக்கப்பட்ட தெருவில் கட்டடத்தைப் பெரிதாக மாற்ற வேண்டுமென்றால், அந்தத் திட்டம் பொது விசாரணைக்கு வரும். அக்கம்பக்கத்தவர் வந்து ஆதரவும் எதிர்ப்பும் சொல்லலாம். அடிவாரத்து மக்களைக் கூட்டி வைத்து, துணைவிதி இன்னதென்று தமிழில் விளக்கி, அவர்கள் சொல்வதையும் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு நாள் போதும். அதற்கு வெளிநாட்டுப் பணம் தேவையில்லை.

கோட்டை வட்டத்துக்கு வெளியே

300 மீட்டருக்கு அப்பால் திண்டுக்கல்லில் பழைமை முடிந்துவிடவில்லை. 1866-க்கும் 1872-க்கும் இடையே எழும்பிய புனித சூசையப்பர் தேவாலயம், மைசூர் ஆட்சியின் நினைவைச் சொல்லும் பேகம்பூர் பள்ளிவாசல், பழைய தெருக்களில் தூண் வைத்த திண்ணை வீடுகள் எல்லாம் ஊரின் சொத்துதான். வழிபாட்டுத் தலங்களை அந்தந்தச் சமூகம் பார்த்துக்கொள்ளும். திண்ணை வீடுகளுக்கு அப்படி யாரும் இல்லை. அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும் அன்று இடித்துவிடுகிறார்கள். தேக்கு உத்திரமும் நிலைக்கதவும் தனித்தனியாக விலை போகின்றன. செட்டிநாட்டில் நடந்தது இதுதான். வீடு போன பிறகு அதன் தூண்கள் மட்டும் ஏதோ ஓர் ஊர் ஓட்டல் வரவேற்பறையில் நிற்கின்றன.

இப்படிப்பட்ட கட்டடங்களுக்காகத் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-ல் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வரவே பத்தாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஆணையத்தின் பார்வை சென்னை, மதுரையைத் தாண்டி திண்டுக்கல் மாதிரி ஊர்களின் தெருக்களுக்கும் வர வேண்டும். அதுவரை திண்ணை வீடுகளின் விதி, அதில் வாழ்கிறவர்கள் கையில்தான்.

பழைய சுவருக்கு எது ஒத்துக்கொள்ளும்?

அனுமதி கிடைத்தாலும், சட்டமே தேவைப்படாத இடத்தில் இருந்தாலும், பழைய வீட்டைத் தொடுகிறவர் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் விடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். சில மழைக்காலம் கழித்துச் சாந்து உதிரும், செங்கல் பொரியும். 'சிமென்ட் போட்டும் ஓதம் போகலையே' என்று மறுபடி சிமென்ட் பூசுவார்கள். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான் பொருத்தம். விரிசலை அடைப்பதற்கும் அதுவே.

அதேபோல, அகலமான சுவர் என்பதால் எந்தப் பாரத்தையும் தாங்கும் என்று நினைக்கக் கூடாது. ஓட்டுக்கூரைக்காக எழுப்பிய சுவர் வேறு, மேலே கான்கிரீட் தளம் ஏற்றும் சுவர் வேறு. அஸ்திவாரத்தைப் பார்க்காமல் சுவரைத் தட்டிப் பார்த்து மட்டும் மாடி எடுப்பது ஆபத்து. பழைய கட்டடங்களில் பழகிய பொறியாளர் ஒருவரை ஒருமுறை கூட்டிவந்து காட்டும் செலவு, பின்னால் வரும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

கோட்டைகள், கோயில்கள் அருகே மனை வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வில்லங்கச் சான்றிதழ் பார்ப்பது போலவே, 100 மீட்டருக்குள்ளா, 300 மீட்டருக்குள்ளா என்பதையும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். 'அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்' என்று தரகர் சொல்வது பத்திரத்தில் ஏறாது.

கல்யாண வீடு என்ன செய்யும்?

அடிவாரத்து வீட்டுக்குத் திரும்பலாம். மகன் தொல்லியல் துறையில் விசாரிக்கிறார். வீடு 100 மீட்டருக்குள் வருகிறது. மாடிக்கு வழியில்லை. அம்மாவுக்குக் கண் கலங்கிவிடுகிறது. "அப்ப இந்த வீட்டுல வாழவே கூடாதாடா?"

மகள்தான் சட்டத்தைப் படித்துவிட்டு வழி சொல்கிறாள். கூடம் பெரியது. அதை நடுவில் தடுத்தால் ஓர் அறை கிடைக்கும். ஜன்னலுக்குக் குறைவில்லை. ஒழுகும் மட்டப்பாவையும் உளுத்த உத்திரத்தையும் இதோடு சேர்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். வீட்டின் நீளமும் உயரமும் மாறாது. எல்லாம் பழுது பார்க்கும் கணக்கில் வரும் வேலை.

அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறக்கிறார்கள். 1980-களின் வீட்டு வரி ரசீதுகள் ரப்பர் பேண்டு போட்டு அடுக்கியபடி இருக்கின்றன. பூட்டுப் பட்டறையில் ஒரு சாவியைக்கூட இடம் மாற்றி வைக்காத மனிதர் அவர்.

"ஆடி மாசம் நல்ல காரியம் எதுவும் தொடங்கக் கூடாதுடா" என்கிறார் அம்மா.

"மனு போடுறது தொடங்குறது இல்லம்மா, கேக்குறதுதான்" என்கிறாள் மகள். ஆடியில் போட்டால் ஐப்பசி முடிவதற்குள் பதில் வர வேண்டும். கார்த்திகையிலும் மார்கழியிலும் வேலையை முடித்தால், தைக்கு அறை தயார். மழை பிடித்துக்கொண்டால்தான் சிரமம்.

கொத்தனாருக்கு போன் போகிறது. "மாடி இல்லண்ணே. சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச ஆள் உங்ககிட்ட இருக்காங்களா?"

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "எங்கப்பாருக்கு நல்லாத் தெரியும் தம்பி. இந்த வேலைக்கு யாரும் கூப்பிடறதில்லைன்னு வீட்டுலதான் உக்காந்திருக்காரு. கூட்டியாரேன்."